ஐந்தாம் பத்துக்கு வருகிறவர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவருக்குத் தோத்திரம். நீ அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான், உன் அக்கா, மாப்பிள்ளை, குட்டி மிளகு நான்கு பேரும் இருக்கிறோம். நான்கு பேர் என்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். இப்போதெல்லாம் மேசையில் தட்டு வைக்கும்போது எனக்கு அந்தக் கணக்கு உதைக்கிறது, ஒரு தட்டு கூடவே கைக்கு வருகிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை மூடி வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும், எப்படியும் எடுத்துப் படிப்பாய். அக்கா எழுத வேண்டாம் என்கிறாள், அவனே நொந்துபோய்க் கிடக்கிறான் நீ வேற ஏம்மா என்கிறாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் பெற்ற பிள்ளைக்கு எதை எழுதலாம் எதை எழுதக் கூடாது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன். நம் பங்குக் கோயிலில் பெற்றோருக்கு ஒரு வகுப்பு நடந்தது, மாப்பிள்ளை போயிருந்தார். வந்த சிஸ்டர், பஸ்ஸுக்குக்கூட எங்கே போகிறது என்று போர்டு இருக்கிறது, உங்கள் வீடு எங்கே போகிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை, பிள்ளைகளை வளர்ப்பது சோறு போட்டுத் துணி துவைப்பதோடு முடிந்துவிடாது, எதற்காக வளர்க்கிறோம் என்று உட்கார்ந்து யோசித்து ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள், அதன்படி நடங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையைத்தான் உனக்குத் தெரியுமே. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தீட்டித் தீட்டி அவருக்கு எல்லாமே தெளிவாகத் தெரிய வேண்டும். வந்த வேகத்தில் எங்கள் எல்லாரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிட்டார். நான் சும்மா இருப்பேனா, ஒரு விளக்குமாற்றையும் ஒரு செபமாலையையும் வைத்து இரண்டு பேரை வளர்த்து ஆளாக்கிவிட்டேன், நான் எந்த வரியையும் எழுதி ஒட்டவில்லையே மாப்பிள்ளை என்றேன். அக்கா உடனே, அதனால்தாம்மா ஒருத்தன் உலகத்தோட அந்தக் கோடிக்கே ஓடிட்டான் என்றாள். எல்லாரும் சிரித்தோம். 

மாப்பிள்ளை பெரிய பெரிய வார்த்தையாக ஒன்று சொன்னார், அக்கா ஒன்று சொன்னாள், இரண்டும் கோயில் பிரசங்கம் மாதிரி இருந்தது. கடைசியில் மிளகுதான், இந்த வீட்ல யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது, அவ்ளோதான் என்றாள். இரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள், வாயைத் திறந்தால் அப்படி ஒரு காரம், அதற்குத்தானே அந்தப் பேரை வைத்தேன். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த மேசையில் அன்றைக்கு அவள் பேச்சுக்கு மேல் பேச்சில்லை. மாப்பிள்ளை கடையில் கழித்துப்போட்ட, கண் பரிசோதனை எழுத்துப் பலகை ஒன்றை எடுத்து வந்து, அதன் பின்பக்கம் ‘இந்த வீட்டில் யாரையும் விட்டுவிட மாட்டோம்’ என்று அழகாக எழுதி மேசைக்கு மேலே மாட்டினார். எழுதி மாட்டியதோடு பெரியவர்கள் எங்களுக்கு வேலை முடிந்தது. பிள்ளைக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. மாமாவை விட்டுட்டோமே என்று கேட்டாள். அப்போது நீ போன் பண்ணியே பல வாரம் ஆகியிருந்தது, கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை யோசித்து, சரி, மாமாவையும் சேர்த்துக்கொள்வோம் என்று மாதா, சூசையப்பர் சுரூபங்கள் இருக்கும் பலகையில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் உன் படத்தையும் வைத்தார். அங்கேதான் பிசகிவிட்டார். மிளகுக்கு அந்தப் பலகையில் தெரிந்த மனுஷர் படம் தாத்தா ஒருத்தர்தான், அதிலே படம் ஏறினால் செத்துப்போனவர் என்றுதான் அவள் கணக்கு. மாமாவும் போய்விட்டார் போல என்று மனசுக்குள் முடிவு கட்டியிருக்கிறாள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவர்கள் அழவில்லையே, அப்படியானால் இது அழுகிற விஷயம் இல்லை என்று நினைத்தாளாம்.

செபமாலையில் உனக்கும் இடம் விட்டோம். நீ மறந்திருக்க மாட்டாய், மறந்திருந்தால் சொல்கிறேன். பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து, மணிக்கு ஒரு செபம், நம் வீட்டில் ஐந்து பத்துக்கு ஐந்து பேர், ஒவ்வொருவரும் ஒரு பத்தை முன்னின்று சொல்ல வேண்டும். அவர் செபத்தில் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வோம். அப்பா இருந்தவரை ஐந்தாம் பத்து அவருடையது, பிறகு நீ இங்கே இருந்தவரை உன்னுடையது. நீ போனபிறகு நான்தான் இரண்டு பத்துச் சொல்லி வந்தேன். அதை மாற்றி, ஐந்தாம் பத்தில் முதல் பாதிக்கு நாங்கள் பேசாமல் இருப்பது, அது நீ சொல்வதற்கான நேரம், பிறகு நாங்கள் மறுபாதியைச் சொல்வது என்று மாப்பிள்ளை ஏற்பாடு செய்தார். மேசையைச் சுற்றித்தான் உட்காருகிறோம், என் முழங்கால் இப்போது மண்டியிட விடுவதில்லை. உன் நாற்காலியையும் போட்டுவைத்தோம். அதேதான், அப்பா செய்த ஐந்து நாற்காலியில் ஒரு கால் குட்டையாகப் போனது, நீ அதிலே உட்கார்ந்து டக் டக் என்று ஆட்டி அவரிடம் தலையில் குட்டு வாங்குவாயே அது. ஆள் உட்கார்ந்தால்தான் அது சத்தம் போடும், சும்மா கிடந்தால் அதன்பாட்டுக்குக் கிடக்கும்.

முதலில் நாலைந்து நாள் அந்த மௌனத்தில் எங்களுக்கு ஒழுங்கு வரவில்லை, ஒருத்தர் முந்துவதும் ஒருத்தர் பிந்துவதுமாக இருந்தது. மாப்பிள்ளை இருமிச் சைகை காட்டுவார். அப்புறம் பார்த்தால் சைகையே இல்லாமல் நான்கு பேரும் ஒரே மூச்சில் ஆரம்பிக்கிறோம் தம்பி. நேரம் ஒரே மாதிரி இருந்தால் பழக்கம் என்று சொல்லலாம். செபமாலையில் ஒரு மணிக்குச் சீக்கிரம், அடுத்த மணிக்கு இழுத்து, இன்னொன்றில் நடுவில் தடுக்கி நிற்கிற மாதிரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. அத்தனைக்கும் நாங்கள் சரியாக ஆரம்பிக்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பிறகு ஒரு நாள் நாலாம் பத்து முடிந்து திரித்துவத் துதி சொல்லும்போது டக் என்றது. நான் மிளகுதான் காலால் உதைக்கிறாள் என்று திரும்பினால், அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த நாற்காலியைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டுவது மாதிரி, செபமாலையில் எந்த மணி என்று விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

முடிந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன், யாருக்குடி காட்டுகிறாய் என்று. மாமாவுக்குத்தான் பாட்டி, மாமாவுக்குப் பாதி செபம் தெரியவே இல்லை, நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், சீக்கிரம் கத்துக்கிறார் என்றாள். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலும், உன்னைப் பற்றி என் மனசில் இருந்ததை அல்லவா சொல்லிவிட்டாள், அங்கே போய் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்று உன்மேல் அத்தனை கோபம். அந்த வாரத்திலேயே மாப்பிள்ளையின் இடதுகால் செருப்புத் தினமும் சாயங்காலம் காணாமல் போக ஆரம்பித்தது. அவர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வாசலெல்லாம் தேடி, பக்கத்து வீட்டு நாயைத் திட்டி, நாய்க்காரம்மா வந்து உங்க செருப்பு நாத்தத்துக்கு என் நாய் கிட்டயே வராது என்று சண்டை பிடித்து, ஒரே கூத்து. கடைசியில் பார்த்தால் செருப்பு உன் நாற்காலிக்கு அடியில் ஒழுங்காக, போட்டுக்கொள்கிற மாதிரித் திருப்பி வைத்திருக்கிறது. மிளகுதான் வைத்திருக்கிறாள். மாமாவுக்கு ஒரு செருப்புதான் இருக்கு, இன்னொண்ணு கீழே விழுந்துருச்சாம், ரொம்ப ஆழமாம், எடுக்க முடியலையாம் என்றாள். அக்கா நர்ஸ் ஆயிற்றே, பிள்ளைகள் இந்த வயசில் இப்படி ஒருத்தரைக் கற்பனை பண்ணிக்கொள்ளும், அதற்கென்று பேர்கூட இருக்கிறது, பெரிசுபடுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். செருப்பை மட்டும் எடுத்துக் கழுவி வெயிலில் வைத்தாள். வைத்ததையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அப்புறம்தான் உன் போன் வந்தது. சாயங்காலம், செபமாலைக்குக் கொஞ்சம் முந்தி. நீ சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. உன்னோடு லிஃப்ட் வேலை பார்க்கிற, ஒரே அறையில் தங்கியிருந்த பையன் லிஃப்ட் குழியில் விழுந்து இறந்துபோனான், அதனால்தான் இத்தனை வாரமும் போன் எடுக்கவில்லை என்றாய். அன்றைக்கு இறங்க வேண்டிய முறை உன்னுடையது, உனக்குக் காய்ச்சல், நீ படு நான் பாத்துக்கிறேன் என்று அவன் போனான் என்றாய். அவன் அனாதைப் பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தவன், உடம்பை வாங்கிக்கொள்ளக்கூட யாரும் இல்லை, கம்பெனிக்காரர்களே முடித்துவிட்டார்கள் என்றாய். நான் உடனே செபம் பண்ணு தம்பி என்று சொல்லப்போக, அந்தப் பேச்சே என்னிடம் எடுக்காதே, எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் அங்கே வந்து உட்காருவேன் என்று கத்தினாய். நான் உன் அழுகையைக் கேட்டு மிரண்டு போய், வேறு பேச்சுக்கு வழியில்லாமல் போனை மிளகிடம் கொடுத்தேன். இதோ உன் மாமா பேசுகிறார் என்றேன். அவள் வாங்கிக் காதில் வைத்தாள். மிளகு, மாமாடா என்று நீ சொன்னது வெளியிலேயே கேட்டது.  அவள் மெதுவாகத் திரும்பி உன் நாற்காலியைப் பார்த்தாள். என்னிடம், பாட்டி, மாமா போன்ல இருக்கார், அப்ப இது யாரு என்று கேட்டாள். நீ அப்போதுதான் போனை வைத்தாய். அவள் கேட்டது உன் காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை முகம் வெளுத்துப்போய் உன் படத்தைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார். தன் தப்பு, உயிரோடு இருக்கிறவன் படத்தை அங்கே வைத்திருக்கக் கூடாது, அதனால்தான் பிள்ளை குழம்பிவிட்டாள் என்று எங்களுக்கு விளக்கிச் சொன்னார். விளக்கம் சரியாகத்தான் இருந்தது. விழுந்த செருப்புக்குத்தான் விளக்கம் இல்லை. அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமான் அறையில் போட்டுக் கதவைப் பூட்டினாள், எழுதி மாட்டிய பலகையையும் கழற்றினாள், இனிமேல் இந்த வீட்டில் எந்த வரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எனக்கு என் பிள்ளை போதும் என்றாள். அன்றைக்கு மேசையைச் சுற்றி நாலு நாற்காலி. ஐந்தாம் பத்தை நானே சொல்ல வாயெடுத்தேன். மிளகு என்னைப் பார்க்கவில்லை, எனக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார இடமில்லாம நிக்கிறார் என்றாள். எங்கே என்றேன். உங்க பின்னாடிதான் பாட்டி என்றாள். என் கழுத்துப் பின்புறம் குளிர்ந்துபோனது, காற்றாடி ஓடவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை தம்பி. ஆனாலும் பத்தை முடித்தேன். ஒவ்வொரு மணிக்கும் என் குரலோடு இன்னொரு மூச்சு சேர்ந்து வருகிற மாதிரி இருந்தது, பாடம் புதிதாகப் படிக்கிறவன் நம் வாயைப் பார்த்துக்கொண்டே கூடச் சொல்வானே, அந்த மாதிரி.

அதிலிருந்து மிளகுக்குக் காய்ச்சல். அக்கா டாக்டரிடம் காட்டினாள், இரத்தம் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். பிள்ளை சாப்பிட மறுத்தாள். எழுதி வச்சுட்டு நாமளே விட்டுட்டோம், அவர் நிக்கும்போது நான் எப்படி உக்காந்து சாப்பிடுறது என்றாள். கெஞ்சிப் பார்த்தோம், மிரட்டிப் பார்த்தோம், என் பேத்தியாயிற்றே, மசிவாளா. பங்குச் சாமியாரை அழைத்து வந்தோம். வந்தவர் மந்திரித்த தண்ணீர் தெளித்துச் செபித்துவிட்டு, மேசைப் பக்கம் காபி குடிக்க வந்து நின்றார். நான் அதற்குள் சாமான் அறையைத் திறந்து நாற்காலியை நானே தூக்கி வந்து போட்டிருந்தேன். அக்கா என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தாள், பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளை பட்டினி கிடக்கும்போது யார் கோபத்துக்கும் நான் பயப்பட மாட்டேன். சாமியார் தெரியாமல் அதிலேயே உட்காரப் போனார். மிளகு காய்ச்சலோடு படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவந்து அவர் அங்கியைப் பிடித்து இழுத்து, ஃபாதர், மடியில உக்காரப் போறீங்க என்றாள். பாவம், மனுஷர் காபியை நின்றுகொண்டே குடித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பையனைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பயப்படாதீங்கம்மா, கேக்க ஆளில்லாத ஆன்மாவுக்கு ஒரு வீட்டுல இடம் கெடைச்சிருக்குன்னு வச்சுக்குங்க, ஞாயிற்றுக்கிழமை பூசையில அவருக்காக வேண்டுறேன், பேரைச் சொல்லுங்க என்றார்.  அவன் பேர் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. நீ எத்தனையோ தடவை கூட இருக்கிற பையன், கூட இருக்கிற பையன் என்று சொல்லியிருக்கிறாய், அவன் செய்த சாப்பாட்டைப் பற்றிக்கூடச் சொல்லியிருக்கிறாய், ஒரு நாளாவது பேரைச் சொன்னாயா, நானாவது கேட்டேனா.

நாற்காலி திரும்பி வந்த அன்றே மிளகு பாலும் ரொட்டியும் சாப்பிட்டாள். காய்ச்சல் முழுக்க இறங்கவில்லை. பலகையை மறுபடி மாட்டியாயிற்று, அக்காதான் மாட்டினாள், ஆணியைச் சரியாக அடிக்கத் தெரியாமல் கொஞ்சம் சாய்ந்து தொங்குகிறது. நாங்கள் பிள்ளையை நல்லவிதமாக வளர்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினோம், அது எங்கள் நான்கு பேர் அளவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிள்ளை அதை உலகத்துக்கே எழுதினதாக எடுத்துக்கொண்டாள். இப்போது அதை மாற்றிப் படிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனசில்லை. அப்படிச் சொல்லிக்கொடுத்தால் அவள் காய்ச்சல் இறங்கிவிடலாம், ஆனால் அவள் வேறு பிள்ளையாகிவிடுவாள். அக்காவுக்கும் அது புரிகிறது, புரிவதால்தான் அழுகிறாள்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்து உட்காருவேன் என்று கேட்டாயே, அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். உன் முறைக்கு அங்கே அவன் இறங்கினான். இங்கேயும் உன் முறைக்கு அவன்தான் வந்து உட்கார்ந்து, தெரியாத செபத்தை ஒரு சின்னப் பிள்ளையிடம் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டவனோ, கும்பிடாதவனோ, எனக்குத் தெரியாது. உன்மேல் கோபம் இருக்கிறவன் உன் வீடு தேடி வந்து உன் தாய்க்குத் துணை செபம் சொல்ல மாட்டான், இது மட்டும் எனக்குத் தெரியும். நேற்று மிளகிடம், அவருக்கு என்னதான் வேணுமாம் கேளுடி என்றேன். கேட்டுவிட்டுச் சொன்னாள், ஒண்ணும் வேணாமாம் பாட்டி, மாமா வர்ற வரைக்கும் யாரும் உக்காந்துராம இடம் பிடிச்சு வச்சிருக்காராம், மாமா வந்ததும் எந்திரிச்சுப் போயிடுவாராம். அதைக் கேட்டு மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். நான் அந்த நாற்காலியைப் பார்த்து, உட்காருப்பா, நன்றாக உட்காரு என்று சொன்னேன். அதற்கு மேல் கூப்பிட எனக்குப் பேர் இல்லை.

இந்தக் கடிதத்தையும் அதற்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பகல் நேரம், வீட்டில் மிளகு தூங்குகிறாள், மற்றவர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள், கோயில் துணிகளை இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டு வந்தேன். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பழகிக்கொண்டிருக்கிறேன். நீ லீவு போட்டுக் கிளம்பு. கிளம்ப இன்னும் மனசு வராவிட்டால், அதுவரைக்கும் தினமும் எங்கள் செபமாலை நேரத்தில் நீ இருக்கிற இடத்திலேயே அந்த ஒரு பத்தையாவது வாய்விட்டுச் சொல்லு. உனக்காகச் சொல்ல வாய் வராவிட்டால் அவனுக்காகச் சொல்லு. ராத்திரி தனியாக அறையில் படுக்காதே, கூட வேலை பார்க்கிறவர்கள் யாரையாவது அழைத்துக்கொள். அவன் கட்டிலில் சாமான் எதையும் குவித்துவைக்காதே. குழிக்குள் இறங்கும் முன்னால் இடுப்புக் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார், முறை யாருடையதாக இருந்தாலும் சரி. அவன் காலில் ஒரு செருப்பு இல்லாமல்தான் கிடந்தானா என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை, அதை நீ எழுத வேண்டாம், எனக்குத் தெரியும்.

சேசு மரி சூசை உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார்கள். அக்காவும் மாப்பிள்ளையும் விசாரித்தார்கள். மிளகு முத்தம் கொடுக்கச் சொன்னாள், ஒன்று உனக்கு, ஒன்று அவர் கட்டிலுக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு, வேறு எதுவும் பேச வேண்டாம், அவன் பேரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு. நாங்கள் ஐந்து பேரும் காத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா